இழக்கும் முன் சேமிக்க வேண்டிய குரல்

என்னோடு பொருளியல் துறையில் பணியாற்றிய நண்பர் ஒருவருக்குக் குரலே பெருஞ்சொத்து. ஒலிபெருக்கி இல்லாத வகுப்பறையில் கடைசி வரிசை மாணவருக்கும் அது தெளிவாகக் கேட்கும். இரண்டு அறை தள்ளிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கு, அவர் தேவைக் கோட்டை முடித்து அளிப்புக் கோட்டைத் தொடங்கிவிட்டார் என்பது வரை தெரியும். ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில் அவருக்குக் குரல்வளையில் புற்றுநோய் கண்டது. குரல்வளையை முழுவதுமாக அகற்றினார்கள். உயிர் பிழைத்தார்; குரல் போயிற்று.

சில மாதங்களுக்குப் பிறகு அவருடைய மகள் என்னை அழைத்தார். பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒருவருடைய குரலைக் கணினியில் மீண்டும் உருவாக்க முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்பா பேசினது ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா, மாமா?" என்று கேட்டார். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பு நடத்தியவரின் குரலில் ஒரு மணித்துளிகூட என்னிடம் இல்லை. கல்லூரியிலும் இல்லை. கடைசியில் உறவினர் வீட்டுத் திருமணக் காணொளியில் அவர் யாரையோ வரவேற்கும் சில நொடிகள் கிடைத்தன. அதன் மேல் நாகசுரமும் தவிலும் ஒலித்துக்கொண்டிருந்தன. அது எதற்கும் பயன்படவில்லை.

அந்த நாள்களில்தான் அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். புற்றுநோய் அறுவை சிகிச்சையால் பேச்சை இழந்து, பின்னர் தம்முடைய குரலையே கணினி வழியாகக் கேட்ட மனிதர் அவர். அவர் கதை தொழில்நுட்பத்தின் வெற்றிக் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பொருளியல் கற்றவன் கண்ணுக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது: அது சேமிப்பைப் பற்றிய கதை.

ஈபர்ட் 1967ஆம் ஆண்டு முதல் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் திரைப்பட விமர்சகர். 1975இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றார். திரைப்பட விமர்சகர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. எனினும், அமெரிக்க வீடுகள் அவரை எழுத்தைவிடப் பேச்சினாலேயே அறிந்திருந்தன. ஜீன் சிஸ்கல் என்ற சக விமர்சகரோடு தொலைக்காட்சியில் அமர்ந்து அவர் நடத்திய வாதங்களும், இருவரும் கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ தீர்ப்பு வழங்கிய முறையும் பெரும்புகழ் பெற்றவை. 1999இல் சிஸ்கல் மறைந்த பிறகும் ஈபர்ட்டின் நிகழ்ச்சி தொடர்ந்தது.

2002இல் அவருக்குத் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு உமிழ்நீர்ச் சுரப்பியில் அறுவை, கதிர்வீச்சுச் சிகிச்சை. 2006 ஜூனில் கீழ்த்தாடை எலும்பின் ஒரு பகுதியை அகற்ற நேர்ந்தது. ஜூலை முதல் நாள் வீடு திரும்பப் புறப்பட்டவர், லெனார்ட் கோஹனின் பாடல்களைக் கேட்பதற்காக மருத்துவமனை அறையிலேயே சற்றுத் தாமதித்தார். அந்தத் தாமதத்தின்போது அவருடைய கழுத்துத் தமனி வெடித்தது. வழியில் வாகனத்துக்குள் நிகழ்ந்திருந்தால் பிழைத்திருக்க முடியாது. அதன்பின் மூச்சுக்குழாயில் துளையிட்டுச் சுவாசம். குழாய் வழியே உணவு. தாடையை மீட்டமைக்கும் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலனளிக்காமல் போயின. உண்ணவும் பருகவும் பேசவும் இயலாதவராக அவர் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

பேச்சு எங்கே பிறக்கிறது என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். நுரையீரலிலிருந்து எழும் காற்று குரல்வளையில் அதிர்ந்து ஒலியாகிறது. அந்த ஒலியைத் தாடை, நா, பல், இதழ், அண்ணம் ஆகியவை சேர்ந்து எழுத்தாகவும் சொல்லாகவும் வடிக்கின்றன. நம் பழைய இலக்கண நூல்கள் பிறப்பியலில் சொல்வதும் இதைத்தான். இந்த வரிசையில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைப் பொறுத்தே மாற்றுவழி அமையும்.

குரல்வளையை மட்டும் இழந்தவருக்கு மாற்றுவழி தேடும் முயற்சி நெடுங்காலமாக நடந்துவருகிறது. வியன்னாவில் தியோடர் பில்ரோத் 1873இல் புற்றுநோய்க்காக ஒரு நோயாளியின் குரல்வளையை முழுவதுமாக அகற்றினார். அந்நோயாளிக்காக அவருடைய உதவியாளர் கார்ல் குசன்பவர் ஒரு செயற்கைக் குரல்வளையை வடிவமைத்தார். குரலைத் திருப்பித் தரும் முயற்சி, குரலை அகற்றும் அறுவையோடு சேர்ந்தே பிறந்தது என்பது மருத்துவத்துக்குப் பெருமை. இன்று கழுத்தில் வைத்து அதிரச் செய்யும் மின்கருவி இருக்கிறது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறு தடுக்கிதழும் இருக்கிறது. வெளிநாட்டுத் தடுக்கிதழ்களின் விலை ஆயிரக்கணக்கான ரூபாய். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ், பொறியாளர் ஒருவரோடு சேர்ந்து 50 ரூபாய் அளவிலான செலவில் அத்தகைய கருவியை உருவாக்கியது நாம் கொண்டாட வேண்டிய செய்தி.

ஈபர்ட்டின் நிலை வேறு. சொல்லை வடிக்கும் உறுப்புகளே சிதைந்த பிறகு இந்தக் கருவிகளால் அவருக்குப் பயனில்லை. அவர் முதலில் தாளில் எழுதிக் காட்டினார். பின்னர் மடிக்கணினியில் தட்டச்சு செய்து, அதிலிருந்த செயற்கைக் குரலைப் பேசவைத்தார். ஆப்பிள் கணினிகளில் 'அலெக்ஸ்' என்ற பெயரில் இருந்த அக்குரல் தெளிவானது. ஆனால், அது யாருடைய குரலும் அன்று. பல ஆண்டுகள் ஒரு நாடே அறிந்திருந்த குரலுக்கு உரியவர், எந்தக் கணினிக்கும் பொதுவான குரலில் தம் மனைவியோடு பேச வேண்டியிருந்தது.

இணையத்தில் தேடியபோது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 'செரிப்ராக்' என்ற நிறுவனம் இருப்பதை அவர் கண்டார். அப்போதைய அமெரிக்க முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் குரலை அவர்கள் மாதிரியாக உருவாக்கி வைத்திருந்தார்கள். அதிபரின் பேச்சிலிருந்து ஒரு குரலை வடிக்க முடியுமானால் தம்முடைய பேச்சிலிருந்தும் முடியுமே என்று அவர் எழுதிக் கேட்டார். முடியும், ஆனால் தூய்மையான ஒலிப்பதிவு மணிக்கணக்கில் வேண்டும் என்பது மறுமொழியின் சாரம்.

இங்கேதான் என் கவனம் நின்றது. பல ஆண்டுத் தொலைக்காட்சிப் பதிவுகள் ஈபர்ட்டிடம் இருந்தன. ஆனால் அவை பயன்படவில்லை. அவற்றில் எதிரில் இருப்பவர் குறுக்கே பேசுகிறார். திரைப்படத்தின் ஒலியும் இசையும் கலந்திருக்கின்றன. திருமணக் காணொளியில் என் நண்பருக்கு நேர்ந்ததே சிகாகோவின் புகழ்பெற்ற மனிதருக்கும் நேர்ந்தது. அவரைக் காப்பாற்றியவை வேறு பதிவுகள். 'சிட்டிசன் கேன்', 'காசாபிளாங்கா' முதலிய படங்களின் டிவிடி வட்டுகளுக்காக அவர் தனியே அமர்ந்து பேசிய விளக்கவுரைகள் அவை. ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதியில் அவர் குரல் மட்டும் பதிவாகியிருந்தது.

கரும்பாலையில் சர்க்கரையோடு மொலாசஸும் கிடைப்பதை உடன்விளை பொருள் என்போம். ஈபர்ட்டின் மறுபிறவிக் குரல் அப்படிப்பட்ட ஓர் உடன்விளை பொருள். எவரும் அதைத் திட்டமிடவில்லை. அவருடைய தொழில், அவர் அறியாமலேயே அவருக்காக ஒரு வைப்புநிதியைச் சேர்த்துவைத்திருந்தது. ஆசிரியர், நடத்துநர், காய்கறி விற்பவர், இல்லத்தரசி ஆகியோரின் தொழில்களும் குரலால் நடப்பவையே. ஆனால், அவை இத்தகைய வைப்புநிதியைச் சேர்ப்பதில்லை.

அந்தக் குரலை உருவாக்கிய முறை பொறுமையான தையல் வேலை. பதிவில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எழுத்தில் பெயர்த்து, ஒலியை நுண்ணிய துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டு எந்த ஒலி, அதன் முன்னும் பின்னும் வருவது எது, ஏற்றமா இறக்கமா என்று குறித்துவைக்க வேண்டும். ஒருவர் புதிய வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால், கணினி அந்தக் களஞ்சியத்திலிருந்து பொருத்தமான துண்டுகளை எடுத்து ஒட்டும். களஞ்சியம் பெரிதானால் ஒட்டு தெரியாது. சிறிதானால் பேச்சு இடறும். மேலும், எந்த மனநிலையில் பேசிய பதிவோ அந்த மனநிலையின் சாயலே குரலில் படியும். திரைப்படத்தை விளக்கிய குரலைக் கொண்டு மனைவியிடம் தண்ணீர் கேட்டால், விளக்கவுரையின் தொனி அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

2010 மார்ச்சில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் அந்தக் குரல் முதன்முதலாக மக்கள் முன் ஒலித்தது. அவருடைய மனைவி சாஸ் கண்கலங்கினார். இன்னும் செப்பம் வேண்டும் என்றாலும் அது தம்மைப் போல் ஒலிக்கிறது என்று ஈபர்ட் மகிழ்ந்தார். ஆயினும், அடுத்த ஆண்டு 'டெட்' மேடையில் தம் கதையைச் சொல்ல வந்தபோது அவர் நம்பியது பழைய 'அலெக்ஸ்' குரலையும் மனிதக் குரல்களையும்தான். மனைவியும் இரு நண்பர்களும் மேடையில் அமர்ந்து அவர் எழுதியதைப் பகிர்ந்து படித்தார்கள். தொடர்ந்து ஒரே செயற்கைக் குரலைக் கேட்டால் அவையோர் சோர்ந்துபோவர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மேடையில் அவர் ஒரு தேர்வையும் முன்மொழிந்தார். கணினி அறிஞர் ஆலன் டூரிங், இயந்திரம் மனிதரைப் போல் உரையாடுமா என்று சோதிக்க ஒரு முறை வகுத்தார் அல்லவா? அதைப் போல், ஒரு கணினிக் குரல் நகைச்சுவைத் துணுக்கை, ஹென்னி யங்மேன் என்ற நகைச்சுவையாளருக்கு இணையான நேர ஒழுங்கோடும் தொனியோடும் சொல்லி மக்களைச் சிரிக்கவைக்க வேண்டும். அதுவே தமக்கு வேண்டிய குரல் என்றார். நாடக மேடையைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். நகைச்சுவை சொல்லில் பாதி, சொல்லுக்கு முன் விடும் இடைவெளியில் பாதி. தட்டச்சு செய்து பேசுபவரிடமிருந்து நோய் முதலில் பறிப்பது இந்த இடைவெளியைக் கையாளும் உரிமையைத்தான். அவர் தம் துணுக்கைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பேச்சு வேறிடம் போய்விடும்.

இழந்ததை ஈபர்ட் எழுத்தில் ஈடுசெய்தார். 2008 முதல் இணையத்தில் எழுதிக் குவித்தார். 2011இல் தன்வரலாறு வெளியிட்டார். 2012ஆம் ஆண்டில் மட்டும் 306 திரைப்பட விமர்சனங்கள் எழுதினார். அவருடைய பணிக்காலத்தில் அதுவே மிகுதி. 2013 ஏப்ரல் 4 அன்று மறைந்தார். எழுத்தே தொழிலாக வாய்த்தவருக்கு இந்த வழி திறந்திருந்தது. வாயால் மட்டுமே வாழ்ந்தவருக்கு அது திறப்பதில்லை.

அவருக்குப் பின் தொழில்நுட்பம் விரைந்தது. தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சையால் குரல் சிதைந்த ஹாலிவுட் நடிகர் வால் கில்மரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு, லண்டனின் 'சோனான்டிக்' நிறுவனம் 2021இல் அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது. இம்முறையில் துண்டுகளை ஒட்டுவதில்லை. ஒருவர் எப்படிப் பேசுவார் என்பதையே நரம்பு வலைப்பின்னல் கற்றுக்கொண்டு, புதிதாக ஒலியைப் பிறப்பிக்கிறது. அதே ஆண்டு வெளிவந்த 'வால்' என்ற ஆவணப்படத்தில் கில்மர் எழுதிய உரையைப் படித்தது அவருடைய மகன் ஜாக். தந்தையின் சாயல் கொண்ட மகனின் குரலே அங்கே பொருத்தமாக இருந்தது. 2025 ஏப்ரலில் மறைந்த கில்மரின் கதையும் ஈபர்ட்டின் கதையும் ஒரு புள்ளியில் சேர்கின்றன. இருவருக்கும் பதிவுகள் முன்பே இருந்தன. தொழில்நுட்பம் மலிவாகிவிட்டது, மணிக்கணக்கில் வேண்டியிருந்த பதிவு இன்று சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. மூலப்பொருள் மட்டும் இழப்புக்கு முன்பே இருந்தாக வேண்டும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? வாய்ப்புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மெல்லும் புகையிலையும் பாக்கும் பீடியும் அதற்கு முதன்மைக் காரணங்கள். இவற்றின் பிடியில் மிகுதியும் சிக்கியிருப்பவர்கள் உடலுழைப்பால் வாழும் எளிய மக்கள். குரலை இழக்கும் ஆபத்து யாருக்கு அதிகமோ, குரலின் பதிவு அவர்களிடமே குறைவு.

தமிழுக்கே உரிய இடர்களும் உண்டு. நம் எழுத்தில் ஒரே ககரம் 'கடல்' என்பதில் ஒருவிதமாகவும் 'தங்கம்' என்பதில் வேறுவிதமாகவும் 'அகம்' என்பதில் மற்றொருவிதமாகவும் ஒலிக்கும். இதை இயந்திரத்துக்குக் கற்பித்துவிடலாம். சென்னை ஐஐடி முன்னின்று நடத்திய இந்திய மொழிப் பேச்சுத் தொழில்நுட்பப் பணிகள் இவ்வழியில் நெடுந்தூரம் வந்திருக்கின்றன. அதனினும் கடினமானது, நாம் எழுதும் தமிழுக்கும் பேசும் தமிழுக்கும் உள்ள இடைவெளி. "சாப்பிட்டாயா?" என்று எழுதுகிறோம், எந்தத் தந்தையும் மகளிடம் அப்படிக் கேட்பதில்லை. செய்தி வாசிப்பவரின் தமிழில் பயின்ற இயந்திரம், நெல்லைக்காரரின் இழுவையையும் கொங்கு நாட்டுக்காரரின் 'ங்க'வையும் அறியாது. ஆகவே, சேமிக்க வேண்டியது செய்யுள் படிக்கும் குரலை மட்டுமன்று. வீட்டுக்குள் பேசும் குரலையும்தான்.

வழி எளியது. குரலுக்கு ஊறு நேரக்கூடிய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன், நோயாளியின் குரலைப் பதிவு செய்வதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்க வேண்டும். அமைதியான ஓர் அறை, கைப்பேசி, அரை மணி நேரம் போதும். அரசு மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் இதைச் செய்யலாம். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வதோடு நில்லாமல், பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிடுவது, சிரிப்பது, கடிந்துகொள்வது, "போயிட்டு வாம்மா" என்று வழியனுப்புவது ஆகியவற்றையும் அப்படியே பதிவுசெய்துகொள்ள வேண்டும். எந்த இயந்திரமும் செயற்கையாகப் பிறப்பிக்கத் தேவையில்லாத அந்தச் சொற்களை, பின்னர் ஒரு பொத்தானை அழுத்தி அவருடைய சொந்தக் குரலிலேயே ஒலிக்கச் செய்யலாம்.

இதன் செலவு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். பலனோ பின்னால் எவ்விலை கொடுத்தாலும் கிடைக்காதது. சிறு தவணையில் பேரிழப்பை ஈடுசெய்வதே காப்பீடு என்று முதலாண்டு மாணவருக்கும் கற்பிக்கிறோம். இதைவிடச் சிறந்த காப்பீட்டை நான் அறியேன். ஒரு காவலும் வேண்டும். குரலைப் போலி செய்து பணம் பறிக்கும் மோசடிகள் பெருகிவரும் காலம் இது. பதிவு நோயாளியின் உடைமை. அவருடைய எழுத்துப்பூர்வமான இசைவின்றி எவரும் அதைத் தொடக்கூடாது. அவர் காலத்துக்குப் பின் அதை என்ன செய்வது என்பதையும் அவரே எழுதிவைக்க வேண்டும்.

என் நண்பருக்கு அறுவைக்கு முன் பத்து நாள்கள் இருந்தன. மருத்துவர்கள் திறமையானவர்கள், உயிரைக் காத்தார்கள். ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் கையெழுத்து வாங்கினார்கள். குரலைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளும் மாலையில் அவரோடு அமர்ந்து பேசிக்கொண்டிருந்தவன் நான். என் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. எனக்கும் தோன்றவில்லை.

இப்போதும் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குச் செல்கிறேன். அவர் பலகையில் எழுதுகிறார். அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். பாதி எழுதியதைப் படித்து மீதியை நானே ஊகித்துச் சொல்லும் பழக்கத்தை விடுவதற்கு ஓராண்டு ஆயிற்று. சென்ற வாரம் விடைபெறும்போது அவருடைய பேரன் கைப்பேசியை நீட்டி, "தாத்தாகூட காலேஜ்ல வேலை பார்த்ததைச் சொல்லுங்க" என்றான். பதிவாகிக்கொண்டிருந்தது. நான் அரை மணி நேரம் பேசினேன்.